சொதிக்கு ஏற்ற வெள்ளை ஒயின்

என் கணவர் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் வியாபாரம் செய்துவந்தார். துறைமுகத்தில் கப்பல் வந்து கட்டியதும் அதன் சமையல் பொறுப்பாளரைப் போய்ப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டு, ஆட்டுக்கறி, கோழி, முட்டை, மீன், காய்கறி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வருவார். தூத்துக்குடியில் எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் இதே தொழில்தான். கல்யாணமாகி நான் ராயபுரம் வந்தபோது உலகச் சண்டை முடிந்திருந்தது. கப்பல்கள் மறுபடியும் வர ஆரம்பித்திருந்தன.

வீட்டில் அவர், கணவரை இழந்த அவருடைய அக்கா, நான். அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். என் கணவர் முதலில் சாப்பிடுவார், நான் பரிமாறுவேன். அவர் கை கழுவிய பிறகு மதினியும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்குள் சோறு ஆறியிருக்கும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததாக நினைவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள். அந்த முதல் மாதங்களில் அவரும் நானும் என்ன பேசிக்கொண்டோம் என்று இப்போது யோசித்தால், உப்புப் போதுமா, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா என்பதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவர் இரண்டு புட்டிகளோடு வந்தார். ஒரு பிரெஞ்சுக் கப்பலுக்கு வஞ்சரம் கொடுத்திருக்கிறார். அந்தக் கப்பலின் சமையல் பொறுப்பாளர், வயதான மனிதர், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய் இந்தப் புட்டிகளைக் கொண்டுவந்து கையில் வைத்தாராம்.

"என்னது இது?" என்று மதினி கேட்டார்.

"திராட்சை ரசம். சாப்பாட்டோட குடிப்பாங்களாம்."

"பூசையில சாமியார் குடிக்கதா?"

"அது வேற, இது வேற."

"எல்லாம் ஒண்ணுதான். கோயில்ல இருக்க வேண்டியது வீட்டுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மதினி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குப் புளி ஊற்றின மீன்குழம்பு. சிவப்பாக இருந்த புட்டியைத் திறந்து, ஒரு கவளம் சோற்றுக்குப் பிறகு அவர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போயிற்று. "துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்கு. இதைப் போய்க் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கானுவளே" என்றார். தக்கையை அழுத்தி மூடி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மிளகு போட்டு ஈரல் வறுத்திருந்தேன். மதினி கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தார். புட்டியைக் கழுவி எண்ணெய் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இரு" என்று சொல்லிக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். ஈரலைத் தின்றார். குடித்தார். மறுபடியும் தின்றார். முகம் கோணும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கோணவில்லை.

"இங்க வா. இதைத் தின்னுட்டு இதைக் குடி. எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதா, பாப்போம்."

நான் நின்றபடியே அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, அவர் தம்ளரிலிருந்து ஒரு மடக்குக் குடித்தேன். கல்யாணத்துக்கு முன்பு கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் போடும் இனிப்பான திராட்சை ரசத்தை ஒரு கரண்டி குடித்திருக்கிறேன். இது அப்படி இல்லை. முதலில் நாக்கை நாவல்பழம் மாதிரி பிடித்தது. பிறகு அந்தப் பிடி ஈரலின் கொழுப்பில் பட்டு இளகிவிட்டது. மிளகின் காரம் மெதுவாக, ரொம்ப நேரம் நின்றது. அடுத்த துண்டு முதல் துண்டைவிட ருசித்தது.

"நேத்து ஏன் அப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் தெரியல. உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அவரோடு சேர்ந்து சூடான சோறு தின்றது அதுதான் முதல் தடவை.

இப்படித்தான் அது எங்களைப் பிடித்துக்கொண்டது. குடி என்று சொல்ல மாட்டேன். கப்பல்களிலிருந்து அவர் அவ்வப்போது வாங்கிவரும் ஒரு புட்டி எங்களுக்கு இரண்டு வாரம் வரும். அதற்குமேல் வைத்தால் புளித்துப்போகும் என்பதையும் ஒரு புட்டியைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். எங்களைப் பிடித்தது அந்தக் கேள்விதான். எது எதோடு சேரும்? புட்டியில் ஒட்டியிருந்த எழுத்தை எங்களால் வாசிக்க முடியாது. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். நாக்கைப் பிடிக்கும் சிவப்புக்கு முரடு. எலுமிச்சை மாதிரி சுருக்கென்று இருக்கும் வெள்ளைக்கு அவசரக்காரி. கொஞ்சம் இனிப்போடு மணக்கும் இன்னொரு வெள்ளைக்குச் சாது.

புளி ஊற்றின குழம்புக்கு எதுவும் ஆகாது. மிளகாய் வற்றல் கூடினால் முரடு தொண்டையில் நெருப்பு வைக்கும். மிளகு அப்படிச் செய்யாது. நெத்திலியை மொறுமொறுவென்று பொரித்துக் கொடுத்தால் அவசரக்காரிக்குக் கொண்டாட்டம். இதையெல்லாம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாகக் கண்டுபிடித்தோம். அவர் கப்பலில் கேட்டுக்கொண்டு வருவதைவிட நாங்கள் தின்று கண்டதுதான் அதிகம். வெள்ளைக்காரன் சாப்பாட்டுக்கு அவன் சொல்வது சரியாக இருக்கும். எங்கள் அடுப்புக்கு யார் சொல்வது?

காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரிக்கு என்மேல் சந்தேகம். "இன்னாக்கா, ஒருநாளு கெழங்கான் கேக்குற, ஒருநாளு நண்டு கேக்குற. வூட்ல யாராச்சும் முளுகாம கீறாங்களா?" என்பாள். நான் சிரித்து மழுப்புவேன்.

மதினியும் ஒருநாள், "என்ன, குழம்புல உறைப்பே இல்ல" என்றார். நான் அவர் தட்டில் ஊறுகாய் வைத்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானோபதேசம் முடிந்தும் அவர் வீட்டுக்கு வர நேரமானது. தெரிந்த வீடுகளுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன் என்பார். எங்களுக்காகத்தான் அப்படிச் செய்தார் என்பது அவர் காலமான பிறகுதான் எனக்கு உறைத்தது.

சாதுவுக்குத்தான் வெகுநாள் ஜோடி கிடைக்கவில்லை. கறிக்கும் சேராது, பொரித்த மீனுக்கும் சேராது. வீணாகப் போகிறதே என்று கேக்கோடு கூட வைத்துப் பார்த்தோம், திகட்டியது. ஒருநாள் அவருக்கு வயிறு சரியில்லை என்று மீன் சொதி வைத்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வைப்பதுதான். தேங்காயின் இரண்டாம் பாலில் இஞ்சி, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு, வெந்ததும் முதல் பாலை ஊற்றி, இறக்கி வைத்து எலுமிச்சை பிழிவது. ஊளி மீன் போட்டிருந்தேன். வயிறு சரியில்லாதவர், "அந்தச் சாதுவைக் கொஞ்சம் ஊத்தேன்" என்றார்.

இரண்டு பேரும் குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த இனிப்பு தேங்காய்ப்பாலுக்குள் போய் மறைந்துவிட்டது. மணம் மட்டும் நின்றது. இஞ்சி அதற்குள்ளிருந்து தலை நீட்டியது. அவர் சட்டியை வழித்துச் சாப்பிட்டார். "இதை எவனுக்காவது ஆக்கிப் போடணும்" என்றார்.

ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி ஓட்டல் வைத்திருந்தார். அவருடைய கணவர் பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் என்ஜின் ஓட்டுபவர். வீட்டின் முன்கூடத்தில் நாலைந்து மேசை, வெள்ளை விரிப்பு, சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். கப்பல் அதிகாரிகளும் ரயில்வேக்காரர்களும் வருவார்கள். சாப்பாட்டோடு ஒயின் கொடுக்க லைசென்ஸ் இருந்தது. கறி, மீன் எல்லாம் என் கணவர்தான் கொடுத்துவந்தார்.

அங்கே ஒருநாள் என்னை அழைத்துப்போனார். எங்கள் குடும்பத்துப் பெண்கள் யாரும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. ரயில் பயணத்தில்கூடக் கட்டுச்சோறுதான். சாயங்காலப் பூசை முடிந்து, கல்யாணப் பட்டோடு, சந்தில் தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.

ஓட்டல்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். பூப்போட்ட கவுன், நரைத்த குட்டை முடி. "இன்னா மேன், பொஞ்சாதிய இட்டார இம்மா நாளாச்சா ஒனக்கு?" என்று அவரைக் கேட்டார். என்னிடம், "வாம்மா, ஜன்னலாண்ட குந்து. காத்து வரும்" என்றார்.

வாத்து ரோஸ்ட் வந்தது. கூடவே மஞ்சள் சோறும் கோலா உருண்டைக் குழம்பும். முள்கரண்டியைப் பார்த்து நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, "கையால துண்ணு. வாத்து ஒண்ணும் கோச்சுக்காது" என்றார். கண்ணாடிக் குவளையில் சிவப்பை ஊற்றினார். வாயில் வைத்ததும் நான் கணவரிடம் மெதுவாக, "முரடு, ஆனா வயசானது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தம்மா விடவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டு, முரடு, அவசரக்காரி, சாது எல்லாப் பெயரையும் சொல்ல வைத்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சாதுவுக்கு இன்னா துண்ண குடுப்பே?" என்று கேட்டார்.

"மீன் சொதி" என்றேன்.

"அது இன்னாது? வர்ற ஞாயித்துக்கெளம வந்து ஆக்கிக் காட்டு."

கணவர், "ஆக்குவா" என்றார். என்னைக் கேட்காமலேதான் சொன்னார். ஆனால் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தம்மாவின் அடுப்படியில் நான் சொதி வைத்தேன். தேங்காயை அவரே துருவித் தந்தார். அன்றைக்கு முன்கூடத்தில் ஒரு கப்பலின் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். சொதியும், ஆவியில் வேகவைத்த சோறும், குளிரவைத்த சாதுவும் போயின. நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாடிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அடுத்த கரண்டி சொதியை எடுத்தார். பிறகு அந்தத் தாடிக்காரர் எழுந்து அடுப்படிக்கே வந்து, எனக்குப் புரியாத ஏதோ பாஷையில் பேசித் தலையைக் குனிந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் நானும் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில சமயம் இரண்டு, நான் அங்கே ஆக்கப் போனேன். பந்தி முடிந்ததும் கணவரும் நானும் ஜன்னல் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். எந்த மேசையில் என்ன மிச்சம் வந்தது, எந்த ஒயின் எதோடு போனது என்று பேசுவோம். வீட்டுக்கு நடக்கும்போதும் அதே பேச்சுதான். நண்டுக்கு மிளகு போட்டால் அவசரக்காரி தாங்குமா? இடியாப்பத்தோடு கோழிக்கு எதைக் கொடுக்கலாம்? அவர் இவ்வளவு பேசக்கூடியவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு மதுவிலக்கு வந்தது. மற்ற ஜில்லாக்களில் வந்துகொண்டிருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தது பட்டணத்துக்கும் வந்துவிட்டது. துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களில் மது வைத்திருக்கும் அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஓட்டல்காரம்மாவின் லைசென்ஸ் போயிற்று.

இதில் எனக்கு வாய்விட்டு வருத்தப்படக்கூட வழியில்லை. மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரு இப்ப கூலிய அப்டியே கொண்ணாந்து கைல குடுக்குதுக்கா. புள்ளைங்க ராவுல பயப்படாம தூங்குதுங்கோ. இந்தச் சட்டம் கொண்டாந்தவன் நல்லாருக்கணும்." அவள் கன்னத்தில் ஒரு பழைய தழும்பு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டு நான் ஆமாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிற்பாடு கள்ளச் சாராயம் வந்து அவள் வீட்டில் பழைய கதையே திரும்பியது வேறு விஷயம். அன்றைக்கு அவளிடம் போய், சொதிக்கு ஒயின் இல்லாமல் போயிற்றே என்று சொல்ல முடியுமா?

நோய்க்காரர்களுக்கும், குடிக்காமல் இருக்க முடியாதவர்களுக்கும் அரசாங்கம் பெர்மிட் கொடுத்தது. தெரிந்த ஒருவர் வாங்கித் தருவதாகச் சொன்னார். என் கணவர் மறுத்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை ஒரு தம்ளர் குடிக்கதுக்கு நான் குடிகாரன்னு எழுதிக் கொடுக்கணுமாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

ஓட்டலுக்கு ஆள் வருவது குறைந்தது. அந்தம்மா எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் பார்த்தார். ரயில்வேக்காரர்கள் பலர் குடும்பத்தோடு சீமைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவருடைய கணவரும் போகலாம் என்று முடிவு செய்துவிட்டார். ஒருநாள் ஓட்டல்காரம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். மதினி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு நேராகவே கேட்டார்.

"மேன், ஓட்டல நீங்க எடுத்துக்கோங்க. மேசை, தட்டு, அடுப்பு அல்லாம் வுட்டுட்டுத்தான் போறேன். சமையலுக்கு இவ கீறா. சரக்கு நீயே குடுக்குற. இன்னா யோசன?"

என் கணவர் தரையைப் பார்த்தார். "ஒயின் இல்லாம அங்க யாரு வருவா?" என்றார்.

"துண்ண வருவாங்க மேன். இவ ஆக்குறத துண்ண வருவாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சொல்ல இருந்தது. ஊளி கிடைக்காத நாளில் என்ன ஆக்கலாம் என்பது வரைக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் மனதில் ஓடியது. ஆனால் ஓட்டல் நடத்துவதைப் பற்றிப் பெண்பிள்ளை வாய் திறப்பதா, அவரே சொல்லட்டும் என்று நின்றேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தம்மா சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, "சரி, காட் பிளெஸ்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அவர் ஊரைவிட்டுப் போன சில மாதங்களில் அந்த இடத்தை வேறொருவர் எடுத்தார். பரோட்டா, ஆட்டுக்கால் பாயா, மீன் வறுவல். துறைமுகத் தொழிலாளிகளும், திருவொற்றியூர்ப் பக்கத்து மில், தீப்பெட்டிக் கம்பெனி ஆட்களும் வரிசை கட்டினார்கள். பக்கத்து வீட்டையும் சேர்த்து இடித்துக் கட்டினார். கோயிலுக்குப் போகும்போது அந்தச் சந்து வழியாகப் போவதை நான் விட்டுவிட்டேன்.

வீட்டில் பழையபடி ஆயிற்று. யாரும் சொல்லி அப்படி ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட உட்கார்ந்தார், நான் நின்று பரிமாறினேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. கையில் தம்ளர் இல்லாமல் எதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சேர்ந்து உட்கார ஒரு புட்டி வேண்டும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். புட்டி இல்லாவிட்டால் என்ன, சோறும் குழம்பும் இருக்கிறதே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. குழம்பில் மறுபடியும் உறைப்பு ஏறியது.

பல வருஷம் கழித்து, மதினியும் காலமாகிவிட்ட பிறகு, ஒரு கல்யாணத்துக்காகப் பாண்டிச்சேரி போனோம். பிரெஞ்சுக்காரர்கள் கையைவிட்டு ஊர் வந்துவிட்டது, ஆனால் எங்கள் பக்கத்தைப் போல அங்கே ஒயினுக்குத் தடையில்லை. கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலைப் பார்த்ததும் அவர் நின்றார். "போவமா?" என்று கேட்டார்.

எதிரெதிரே உட்கார்ந்தோம். அவருக்கு முடி நரைத்திருந்தது. வறுத்த மீனும் வெள்ளை ஒயினும் கேட்டார். வந்த புட்டி குளிரவில்லை. வெயிலில் கிடந்த சரக்கோ என்னவோ, நாளான ஆப்பிளின் வாடை அடித்தது. இரண்டு பேரும் அரைக் குவளைக்கு மேல் குடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"அந்த ஓட்டலை நாம எடுத்திருக்கலாம்" என்றார் அவர்.

நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அன்னைக்கு உங்களுக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சேன்" என்றேன்.

"நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. சரி, வீட்டுப் பொம்பளைய ஓட்டல்ல ஆக்க வைக்கான்னு நாலு பேர் பேசுறது உனக்குப் பிடிக்கலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நீங்க சொல்லட்டும்னு நின்னேன்."

"நானும் அதான்."

அவர் சிரிக்க முயன்றார். கண்ணைத் துடைத்தால் பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பார்கள் என்று மீனில் முள் எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்கு நேரமாகிறது என்றார்.

மறுநாள் காலையில் பஸ் எல்லையில் நின்றது. காவலர் ஏறி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார். எங்கள் பையைத் தொட்டு, "புட்டி ஏதாவது இருக்கா பெரியவரே?" என்று கேட்டார். இல்லை என்றார் என் கணவர். காவலர் நம்பாமல் கிளறினார். கல்யாண வீட்டில் கொடுத்த தேங்காயும், என் மாற்றுப் புடவையும்தான் இருந்தன. அவர் இறங்கிப்போன பிறகும் பஸ் கிளம்பத் தாமதமானது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் கலைந்துகிடந்த புடவையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.